நல்ல செய்திக்காரன் சத்தார்

சத்தார்குல் வருகிறான் என்றால் அவனுக்கு முன்னால் ஹாரன் சத்தம் வந்துவிடும். கணவாயிலிருந்து எங்கள் பக்கம் இறங்கத் தொடங்கும்போதே அழுத்துவான். கூடாரங்களுக்கு நடுவே வந்து நிற்கிறவரை கையை எடுக்க மாட்டான். ஆடுகள் சிதறும், நாய்கள் ஊளையிடும், என் வீட்டுக்காரர் கச்கின் தொப்பியைத் தேடுவார். வண்டி பழைய ரஷ்ய வேன். மாவு, சர்க்கரை, தீப்பெட்டி, வயிற்றுவலி மாத்திரை என்று கீழே கொச்கோர் ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவான். திரும்பும்போது எங்கள் குமிஸையும், அதாவது புளித்த குதிரைப்பாலையும், உலர்ந்த தயிர் உருண்டைகளையும் கொண்டுபோவான். இந்த வியாபாரத்தில் அவன் ஒரு சட்டைகூட அதிகமாகத் தைத்துக்கொண்டதில்லை. மாவு அவனுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். மனுஷன் மலையேறி வந்ததே ஆட்ட முடிவுகளைச் சொல்வதற்காக.

கோடையில் நாங்கள் இருக்கும் ஜைலோவில், அதாவது மேய்ச்சல் மேட்டில், போன் எடுக்காது. டிவி கிடையாது. ஒஸ்மோனாலி பெரியவரிடம் ஒரு ரேடியோ உண்டு, அதில் சீனப் பாட்டு மட்டும் கேட்கும். ஜூலை மாதத்தில் உலகம் பூராவும் ஓடுகிறது, உதைக்கிறது, நீந்துகிறது, ஒருவரையொருவர் குப்புறத் தள்ளுகிறது; எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கணவாயின் உச்சியில் கற்குவியலுக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். சத்தார் அங்கே வண்டியை நிறுத்தி, கீழே ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தன் மனைவி உமூத்துக்குப் போன் போடுவான். அவள் கடையில் டிவி நாள் முழுக்க ஓடும். சோப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டே அவள் பார்த்ததையெல்லாம் ஒப்பிப்பாள். அதை மனதில் வாங்கிக்கொண்டு இறங்கி வருவான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஜனங்களிடம் நல்ல செய்தி கொண்டுவருகிறவன் அதைச் சும்மா சொல்லிவிட மாட்டான். "சுயுஞ்சு!" என்று கூவுவான். கேட்கிறவர் கைக்கு அகப்பட்டதைக் கொடுத்தாக வேண்டும். ஒரு தலைத்துணி, ஒரு தொப்பி, ஒரு கிண்ணம் வெண்ணெய், ஏதோ ஒன்று. அப்புறம்தான் செய்தி. கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கம் இல்லை. சாவுச் செய்தி இதற்கு நேர் எதிர். அதை யாரும் தனியாளாகப் போய்ச் சொல்ல மாட்டார்கள், நேராகவும் சொல்ல மாட்டார்கள். வயதானவரை முன்னால் விட்டு, நாலு பேர் சேர்ந்து, வண்டியையும் குதிரையையும் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். உட்கார்ந்து, பறவை, ஏரி, மலை என்று எங்கெங்கோ சுற்றிக்கொண்டு மெல்ல விஷயத்துக்கு வருவார்கள். கேட்கிறவருக்கு நெஞ்சு வெடித்துவிடக் கூடாதே என்றுதான்.

சத்தார் இளவயதில் மாஸ்கோவில் கூலி வேலை பார்த்தவன். ஒரு பெரிய விளையாட்டு அரங்கத்துக்கு வெளியே பனி அள்ளும் வேலை. உள்ளே ஓர் ஆட்டம்கூட அவன் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து கூச்சல் வரும். மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்பான். ஆட்டம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் என்ன ஆச்சு என்று விசாரிப்பான். பாதிப் பேர் அவன் அங்கே நிற்பதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல் போவார்கள். யாராவது ஒருவன் நின்று, தோளில் தட்டி, சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு அவனுக்குக் குளிர் தெரியாதாம். அதே இடத்தில்தான் ஒருநாள் சொந்தக்காரன் ஒருவன் போனில், "ஒங்கப்பா செத்துட்டாரு, நாளைக்கு அடக்கம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பனிக்குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் மதினி என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். கெட்டதை முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்களை அதிலிருந்து அவனுக்குக் கண்டாலே ஆகாது. தோற்றுப்போனார்கள் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

அந்த ஜூலையில் பெரிய பந்து விளையாட்டுப் போட்டி ஒன்று நடந்தது. ஒஸ்மோனாலி பெரியவர் ஜெர்மனி கட்சி. பட்டாளத்தில் இருந்தபோது அங்கே போய் உருளைக்கிழங்கு உரித்திருக்கிறார், அந்த உரிமை. ஒரு நாள் சத்தார் வந்து இறங்கியதும் இறங்காததுமாகப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா ஆச்சு எங்காளுங்களுக்கு?"

சத்தார் குமிஸ் கிண்ணத்தை வாங்கி, நிதானமாகக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டான். "பெரியவரே, அவங்க சட்டையில அந்தக் கழுகு இருக்குல்ல... நல்லாத்தான் பறந்துச்சு. ரொம்ப நேரம் பறந்துச்சு. எறக்க வலிச்சிருக்கும் போல."

"தோத்துட்டானுங்களா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? எறங்கிருச்சுன்னேன்."

"எத்தன கோலு?"

"ரெண்டு தடவ எறங்கிருச்சு."

பெரியவர் கையிலிருந்த ரொட்டியை அவன் மேல் எறிந்தார். அவன் அதைப் பிடித்துத் தின்றுவிட்டான்.

கச்கினுக்கு டென்னிஸ். அவருக்கு ஆட்டம் புரியாது. இங்கிலாந்தில் புல்தரையில் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரே கவலை. "அவ்வளவு நல்ல புல்ல வச்சுக்கிட்டு ஒரு ஆட்டுக்குட்டியக்கூட விட மாட்டாங்களா சத்தாரு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். எனக்கு பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். மூன்று வாரம் மலைமலையாக ஏறுகிறார்களாம். மேலே ஆடும் இல்லை மாடும் இல்லை. ஏறியதும் திரும்ப இறங்குகிறார்கள். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் எனக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் இருக்கிறவனுக்குப் போட்டுவிடும் மஞ்சள் சட்டை இன்றைக்கு யார் முதுகில் என்று தெரியாமல் எனக்குப் பால் கறக்க ஓடாது. தன் ஆள் ஜெயித்திருந்தால் அவரவர் ஒரு உருண்டைத் தயிரோ ஒரு சிட்டிகை தேயிலையோ கொடுப்போம். கழுகையோ சிங்கத்தையோ இழுத்தான் என்றால் காலி என்று தெரிந்துகொள்வோம். சிரிப்போம். கொச்கோர் சந்தைக்கு அந்தப் பக்கம் போகாத நாங்கள், அந்த மாதத்தில் உலகத்தின் எல்லா ஊர் மைதானத்திலும் இருந்தோம்.

இதிலெல்லாம் சேராமல் இருந்தவள் பக்கத்துக் கூடாரத்துப் பாத்மா. சேராததற்குக் காரணம் இருந்தது. அவள் மகள் மீரிம் அந்த மாதம் பாங்காக்கில் இருந்தாள், ஆசிய இளையோர் மல்யுத்தப் போட்டிக்காக.

பாத்மாவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. குதிரைகளும் ஆடுகளும் அவள் தலையில். மீரிம் பள்ளிக்கூடம் முடித்தவள், தோள் இரண்டும் பையன்களுக்கு இருப்பது போல இருக்கும், சிரித்தால் மட்டும் குழந்தை. தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் விளையாட்டுக் கல்லூரியில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பாத்மாவுக்கு மனசே இல்லை. கடைசியில், மகள் சத்தாரின் வேனில் ஏறக் காலைத் தூக்கிவைத்த நேரத்தில், எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"தங்கம் கொண்டா. பிஷ்கெக்குக்குப் போ, நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். தங்கம் இல்லேன்னா பேசாம எங்கூட ஆட்டப் பாத்துக்கிட்டு இரு. வெள்ளி பித்தளைன்னு வந்து நிக்காத."

மீரிம் கையை நீட்டினாள். தாயும் மகளும் ஆட்டு வியாபாரிகள் மாதிரிக் கை குலுக்கிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசியாவிலேயே முதலாவதாக வா என்று பெற்ற தாயே சொல்வது வாழ்த்தா, வேலியா? கேட்டும் விட்டேன். "ஒனக்கு மூணு மகன், புருல்சா," என்றாள். "எனக்கு இவ ஒருத்திதான்." பாத்மா கெட்டவள் அல்ல. தனியாக இருந்துவிடுவோமோ என்று பயந்தவள்.

வேன் கணவாய் ஏறும்போது சத்தார் அந்தப் பெண்ணிடம், ஒன் சேதிய நான்தான் ஒங்கம்மாவுக்குக் கொண்டுவருவேன், வேற எவனையும் விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். பாவி, அதைக் காப்பாற்றியும் விட்டான்.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் நானும் பாத்மாவும் குதிரை கறந்துகொண்டிருந்தோம். குட்டிகளைக் கயிற்று வரிசையில் கட்டியிருந்தோம். ஹாரன் கேட்டது. அன்றைக்குக் கேட்டது வேறு மாதிரி. ஒரே மூச்சில், விடாமல், வண்டியே கத்துவது போல. எங்கள் கூடாரத்தைத் தாண்டி நேராகப் பாத்மாவின் வாசலுக்கு வந்தது. இஞ்சினை நிறுத்தாமலே குதித்தான். புல் வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்து, அப்படியே கூவினான்.

"சுயுஞ்சு! பாத்மாக்கா, சுயுஞ்சு!"

பாத்மாவின் கையிலிருந்து பால் வாளி சரிந்தது. கொடுக்க ஏதாவது வேண்டுமே என்று இப்படியும் அப்படியும் திரும்பினாள். தலைத்துணியில் கை போயிற்று, போதாது என்று தோன்றியதோ என்னவோ, கையை எடுத்துவிட்டாள். கயிற்று வரிசையில் முதலில் நின்ற செவலைக் குட்டியை அவிழ்த்துக் கயிற்றை அவன் கையில் திணித்தாள். சுயுஞ்சுக்கு யாரும் குதிரைக்குட்டி கொடுத்து நான் பார்த்ததில்லை.

"இந்தா. எடுத்துக்க. சொல்லு, சொல்லித் தொலை!"

"தங்கம்க்கா! மீரிம் ஜெயிச்சுட்டா! ஆசியாவுலயே மொத ஆளு!"

அவள் கொட்டிய பாலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கச்கின் ஓடி வந்தார், பெரியவர் தடியை மறந்துவிட்டு வந்தார். அன்று ஓர் ஆடு அறுத்தோம். பெரியவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி ஆசி சொன்னார். பாத்மா எழுந்து நின்றாள். "என் பொண்ணு போகட்டும்," என்றாள். "நான் எப்படியோ பாத்துக்குவேன். அவ போகட்டும்." முகம் அப்படி ஒளிவிட்டது. இரண்டு வருஷமாக நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

சத்தார் குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "இது தாய்க்குதிரகிட்டயே இருக்கட்டும்க்கா. மந்தை எறங்கும்போது கூட்டிட்டுப் போறேன்," என்றான். அன்றைக்கு அவனைவிடப் பெரிய ஆள் யார்? வாழ்நாள் முழுக்கக் கூவிய சுயுஞ்சுக்கெல்லாம் அதுதான் சிகரம்.

மறுநாள் காலை அவன் கீழே புறப்பட்டான். இனி நான் சொல்லப் போவது அவனும் உமூத்தும் பிறகு சொல்லித் தெரிந்தது.

கணவாயில் வண்டி ஏறியதுமே போன் அலறியிருக்கிறது. உமூத்.

"எங்க போய்த் தொலஞ்சீங்க? நேத்துலேர்ந்து அடிச்சு அடிச்சு வெரலு தேஞ்சுபோச்சு. முடிவு மாறிருச்சுங்க."

நடந்தது இதுதான். முந்தின நாள் இறுதிச் சண்டையை உமூத் கடையில் நேரலையாகப் பார்த்துக்கொண்டே புருஷனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி அடித்தபோது மீரிம் ஒரு புள்ளி முன்னால். உமூத் கடையே அதிரும்படி, ஜெயிச்சுட்டா என்று கத்தினாள். சத்தாருக்கு அது போதும். போனை இருக்கையில் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். மல்யுத்தத்தில் மணி அடித்தால் எல்லாம் முடிந்ததாக ஆகாது, நடுவர் கையைத் தூக்கிவிட வேண்டும். எதிராளியின் பயிற்சியாளர் ஆட்சேபம் சொன்னார். வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசி நொடியில் அந்தப் பெண் பிடித்த ஒரு பிடிக்குப் புள்ளி கொடுத்தார்கள். நடுவர் தூக்கியது அவள் கையை. அந்த நேரத்தில் இவன் எங்கள் பக்கம் இறங்கும் கடைசி வளைவில் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான்.

வேனின் படியில் உட்கார்ந்துவிட்டானாம். பேசாமல் கீழே போய்விடலாம் என்று தோன்றியதை அவனே ஒப்புக்கொண்டான். மீரிம் சில நாளில் வரப்போகிறாள், தாயும் மகளும் எப்படியோ பேசிக்கொள்ளட்டும் என்று. உமூத் விடவில்லை.

"அந்தப் புள்ள வண்டிலேர்ந்து எறங்குறப்ப ஒங்க பொய்யும் கூட எறங்கணுமா? அம்மா கைய நீட்டி எங்கடி தங்கம்னு கேட்டா அவ என்ன செய்வா? திரும்பிப் போங்க. இப்பவே போங்க."

திரும்பிவிட்டான். ஆனால் தைரியம் வரவில்லை. வண்டியைச் சரிவிலேயே விட்டுவிட்டு எங்கள் கூடாரத்துக்கு நடந்து போயிருக்கிறான். கச்கினும் ஒஸ்மோனாலியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொல்லி, "எனக்குத் தனியா அக்கா மொகத்தப் பாக்குற தெம்பு இல்ல, கூட வாங்க" என்று கெஞ்சியிருக்கிறான். இந்த இரண்டு புத்திசாலிகளும் உடனே எழுந்துவிட்டார்கள். மூன்று ஆண்பிள்ளைகள் சேர்ந்தார்களே, ஒருவருக்காவது தோன்றியிருக்கக் கூடாதா? அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

நான் பாத்மாவின் வாசலில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். தோல் பையிலிருந்த குமிஸை அவள் மத்தால் கடைந்துகொண்டே, பிஷ்கெக்கில் குளிர் எப்படி, மீரிமுக்குக் கம்பளிக் கோட்டு எடுக்க வேண்டுமே என்று பேசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள். மத்து நின்றது.

மூன்று ஆண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கிழவர். பின்னால் கச்கினும் சத்தாரும் தலையைக் குனிந்துகொண்டு. வண்டி எங்கோ தள்ளி நின்றது. ஹாரன் இல்லை.

கழுகு, சிங்கம் என்று சத்தார் மாதம் முழுக்க அளந்தபோதெல்லாம் அவன் தனியாள், வாயில் ரொட்டி, முகத்தில் குறும்பு. இது அப்படி இல்லை.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். பெரியவர் எதற்கென்றே தெரியாமல் உள்ளங்கைகளை ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டார். சத்தார் தொண்டையைச் செருமினான்.

"பாத்மாக்கா... ஏரியில ஒரு அன்னம் இருந்துச்சு. வெள்ள வெளேர்னு, சின்ன அன்னம். எல்லாரும் அதப் பாத்து..."

பாத்மா அலறினாள்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. குட்டிகள் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கின. தலைத்துணியைப் பிய்த்து எறிந்தாள், முகத்தை நகத்தால் கீறிக்கொண்டாள். "மீரிம்! என் மீரிம்!" என்று தரையில் அறைந்தாள். சத்தார் பதறிப்போய், "அக்கா, பொறுங்கக்கா, அந்த அன்னம்..." என்று மறுபடி அன்னத்தையே பிடித்துக்கொண்டான். கச்கின் அவள் தோளைத் தொட்டு, மனச தேத்திக்கம்மா என்றார். அதைக் கேட்டு அவள் இன்னும் கத்தினாள்.

நான் பாய்ந்துபோய்ச் சத்தாரின் சட்டையைப் பிடித்தேன். "அன்னத்தத் தூக்கிக் குப்பையில போடு! நேராச் சொல்லுடா! புள்ள உசுரோட இருக்காளா இல்லையா?"

அவன் வாய் கோணியது. கண் கலங்கியது. பிறகு கணவாய்வரை கேட்கும்படி கத்தினான்.

"தோத்துட்டா! உசுரோடதான் இருக்கா! தோத்துட்டா, அவ்வளவுதான்! தங்கம் இல்ல, வெள்ளி! நான்தான் அவசரப்பட்டு..."

தரையில் அறைந்த பாத்மாவின் கை அப்படியே நின்றது. புழுதி அப்பிய முகத்தைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"தோத்துட்டாளா?"

"தோத்துட்டாக்கா."

"சாகலையே?"

"ஐயோ, இல்லக்கா! ஓட்டல்ல இருக்கா."

"தோத்துத்தான் போயிட்டாளா..." அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்தாள், தோல் பையிலிருந்து மத்தை உருவினாள், சத்தாரின் முதுகில் ஒன்று வைத்தாள். குமிஸ் நாலாபக்கமும் தெறித்தது. இரண்டாவது கச்கினுக்கு. பெரியவர் வயதைக் காரணம் காட்டித் தப்பித்தார். "மூணு பேரு! நடந்து! பொணம் விழுந்த வீட்டுக்கு வர்ற மாதிரி!" என்று சொல்லிச் சொல்லிச் சத்தாரை மறுபடி அடித்தாள். அவன் தடுக்கவே இல்லை. நான் கொடுக்க நினைத்ததையும் சேர்த்து அவளே கொடுத்துவிட்டாள்.

அடித்து ஓய்ந்ததும் சிரிப்பும் ஓய்ந்தது. தலைத்துணியைத் தேடி எடுத்து, உதறிக் கட்டிக்கொண்டாள். முகம் இறுகியிருந்தது.

"வண்டிய எடு. நான் அவகிட்டப் பேசணும்."

யாரும் கூப்பிடாமலே நானும் ஏறிக்கொண்டேன். கணவாய்வரை பாத்மா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சத்தார் இரண்டு வளைவு பொறுத்துப் பார்த்துவிட்டு, "குட்டிய நான் தொட மாட்டேன்க்கா. அது ஒங்களோடதுதான்," என்றான்.

"குடுத்தது குடுத்ததுதான். நேத்து நான் சந்தோஷமா இருந்தேன்ல? அதுக்கு அது."

"தப்பு என் மேலதான்க்கா. புள்ள மேல இல்ல. நேத்து நீங்க போகட்டும்னு சொன்னது..."

"நான் தங்கம்னுதான் சொன்னேன்," என்றாள் பாத்மா. "அவளும் கை குடுத்தா. நேத்து நான் சொன்னதும் தங்கத்துக்குச் சொன்னதுதான். ரோட்டப் பாரு."

சத்தார் ரோட்டைப் பார்த்தான். வளைவுகளில்கூட ஹாரனைத் தொடவில்லை. எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை தன் அவசரத்தால் கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது என்ன பாடு! இனி எந்த ஆட்டத்தின் முடிவையும் இந்த மனுஷன் வாயால் சொல்ல மாட்டான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கற்குவியலுக்குப் பக்கத்தில் இறங்கினோம். காற்று ஆளைத் தள்ளியது. சத்தார் மீரிமின் பயிற்சியாளருக்குப் போன் போட்டான். நடந்ததையெல்லாம் அவரிடம் முணுமுணுத்தான். பிறகு போனைச் சத்தமாகக் கேட்கும்படி வைத்துப் பாத்மாவின் கையில் கொடுத்துவிட்டு, வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். எங்களைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"அம்மா?"

தொலைதூரத்துக் குரல். அழுது அழுது மூக்கடைத்த குரல். பாத்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இந்தக் குரலை இனிக் கேட்கவே முடியாது என்று தரையில் அறைந்தவள் அல்லவா?

"அம்மா, சத்தார் மாமா சொல்லிட்டாராம்மா? கடைசி நொடியில புடிச்சுட்டாம்மா அவ. நான் விட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பரவால்லம்மா. பேசுனது பேசுனதுதான். பையெல்லாம் கட்டிட்டேன். வந்து ஆட்டப் பாத்துக்கறேன். நீங்க கோவப்படாதீங்கம்மா. அம்மா? இருக்கீங்களா?"

பாத்மா போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் கீறல்களின் மேல் வழிந்து இறங்கியது. கையை எடுத்தாள்.

"மீரிம்," என்றாள். "சுயுஞ்சு."

பாத்மா போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"காதுல விழுதா இல்லையா? சுயுஞ்சுன்னு சொல்றேன். ஒனக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். மொதல்ல என்ன தருவ, அதச் சொல்லு."

"அம்மா..." குரல் உடைந்தது. "எங்கிட்ட வெள்ளிதாம்மா இருக்கு."

"அதக் குடு," என்றாள் பாத்மா. "குடுத்துட்டு பிஷ்கெக்குக்குப் போ."